ஔவையின் பாட்டு வந்த வழி

ஆறே அடிகள் கொண்ட ஒரு பாட்டின் வாழ்க்கை வரலாறு இது. புறநானூற்றில் அதற்கு எண் 232. பாடியவர் ஔவையார். பாடப்பட்டவன் தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி. பாட்டு பிறந்தபோது அவன் உயிரோடு இல்லை. அவனுக்குக் கல் நட்டு, மயிற்பீலி சூட்டி, சிறிய கலம் ஒன்றில் கள்ளை வார்க்கிறார்கள். பார்த்துக்கொண்டு நிற்கும் ஔவைக்குப் பொறுக்கவில்லை. காலையும் மாலையும் இனி இல்லாமலே போகட்டும், என் வாழ்நாளும் வேண்டாம் என்கிறார். மலைநாடு ஒன்றை முழுதாகத் தூக்கிக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளாதவன், இந்தச் சிறு கலத்துக் கள்ளையா ஏற்றுக்கொள்வான் என்று கேட்கிறார். பாட்டு அங்கே முடிந்துவிடுகிறது.

போரில் விழுந்தவனுக்குக் கல் நடுவது அன்று ஓர் ஊர் செய்யக்கூடிய மிகப் பெரிய மரியாதை. அந்தக் கல்லின் முன்னால் நின்றுகொண்டு, இது ஈடாகாது என்று ஒரு பெண் சொன்னார். அந்தச் சொல் வாயிலிருந்து ஓலைக்கும் ஓலையிலிருந்து அச்சுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. இந்தப் பயணத்தில் ஜவ்வாது மலைக்கு இரண்டு இடங்கள் உண்டு. ஔவையின் காலத்தில் தகடூருக்கும் காஞ்சிக்கும் நடுவில் நின்ற மலை அது. இன்று, அந்தப் பாட்டில் வரும் கல் எப்படிப்பட்டது என்று நேரில் பார்க்க நினைப்பவர் போக வேண்டிய இடமும் அதன் அடிவாரம்தான்.

தகடூர் என்பது இன்றைய தருமபுரி. அங்கிருந்து காஞ்சிபுரத்துக்கு வரைபடத்தில் கோடு இழுத்துப் பாருங்கள். ஊத்தங்கரை, சிங்காரப்பேட்டை தாண்டியதும் வடக்கே ஜவ்வாது மலை எழும்பி நிற்கும். மலைக்குத் தெற்கே தாழ்ந்து கிடக்கும் இடைவெளிதான் செங்கம் கணவாய். மேற்கிலிருந்து படைகளும் வணிகமும் கீழ்நாட்டுக்கு இறங்கிய வழி. 1767 செப்டம்பரில் ஹைதர் அலியின் படையும் ஆங்கிலேயப் படையும் மோதிக்கொண்டதும் இந்தச் செங்கத்தில்தான். இத்தனை நூற்றாண்டுகள் கழித்தும் போர் அதே வழியாக வந்தது என்றால், நிலத்தின் அமைப்பு அப்படி.

அதியமானுக்கும் காஞ்சித் தொண்டைமானுக்கும் பகை மூண்டபோது, அதியமான் தூது அனுப்பியது ஔவையைத்தான். புறநானூற்றின் 95ஆம் பாட்டுக்குக் கீழே உள்ள பழங்குறிப்பு இதைச் சொல்கிறது. அவர் எந்த வழியாகப் போனார் என்று பாட்டில் இல்லை. ஆனால் தகடூரிலிருந்து கிழக்கே போகிறவருக்கு இந்தக் கணவாய்தான் இயல்பான பாதை என்பதால், ஜவ்வாது மலையை இடக்கைப் பக்கம் வைத்துக்கொண்டே அவர் நடந்திருப்பார் என்று நான் நம்புகிறேன். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டினான். நெய் பூசி, மாலை சூட்டி, பீலி கட்டி, காவலில் வைத்திருந்த பளபளக்கும் ஆயுதங்கள். ஔவை அவற்றைப் புகழ்வதுபோலத் தொடங்கி, எங்கள் அரசனுடைய வேல்களோ நுனி முறிந்து எப்போதும் கொல்லன் பட்டறையில்தான் கிடக்கின்றன என்று முடித்தார். எந்த ஆயுதம் போரைப் பார்த்தது, எது பார்க்கவில்லை என்று ஒரே பார்வையில் கண்டுகொள்கிற கண் அது. போருக்குப் பக்கத்தில் வாழ்ந்தவருக்குத்தான் அந்தக் கண் வாய்க்கும்.

சங்க இலக்கியத்தில் ஔவையின் பெயரில் 59 பாடல்கள் இருக்கின்றன. அவற்றில் 33 புறநானூற்றில். அவற்றை வரிசையாகப் படித்தால், ஓர் அரசவையைச் சுற்றி நடந்த போர்க்கால வாழ்க்கை முழுவதும் கண்முன் வரும். காற்று மோதித் தண்ணுமை ஒலித்தாலும் போர் வந்துவிட்டது என்று துள்ளியெழும் அரசன் வருகிறான். பொருது புண்பட்டு நிற்பவனாகவும் அவன் வருகிறான். என் மனத்தைவிட்டு அகலாதது 100ஆம் பாட்டு. அதியமானுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது. களத்திலிருந்து நேரே வந்து பிள்ளையைப் பார்க்கிறான். கையில் வேல், உடம்பில் வியர்வை, கழுத்தில் ஆறாத புண். பகைவரைப் பார்த்துச் சிவந்த கண் தன் மகனைப் பார்க்கும்போதும் சிவப்பு மாறவில்லை என்கிறார் ஔவை. இதை வீரத்தின் புகழ்ச்சியாகவே உரைகாரர்கள் படித்தார்கள். வகுப்பிலும் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். எனக்கு அதில் இன்னொன்றும் கேட்கிறது. போர் வீட்டுக்குள் நுழைந்து தொட்டில்வரை வந்துவிட்டது என்று அந்த அறையில் இருந்த ஒருவர் பதிவு செய்திருக்கிறார்.

பிறகு தகடூர் விழுந்தது. பெருஞ்சேரல் இரும்பொறை அதை வென்றான். பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்து அவனைத் தகடூர் எறிந்தவன் என்றே குறிக்கிறது. அதைப் பாடிய அரிசில்கிழாருக்கு ஒன்பது நூறாயிரம் காணம் பொன் பரிசு என்று பதிகம் சொல்கிறது. அதியமான் அந்தப் போரில்தான் மாண்டான் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. தோற்ற பக்கத்தில் நின்றுகொண்டிருந்த ஔவை மூன்று கையறுநிலைப் பாடல்கள் பாடினார். 231இல் அவன் உடல் எரியும் ஈமத்தீ. 232இல் அவனுக்கு நட்ட கல். 235இல், அவன் மார்பில் பாய்ந்த வேல் அதோடு நிற்காமல் பாணரின் பாத்திரத்தையும் இரந்து நின்றவரின் கையையும் புலவரின் நாவையும் துளைத்துப் போனது என்கிறார். கொஞ்சமாகக் கள் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாடக் கேட்டுக்கொண்டே கூட இருந்து குடிப்பான் என்று அவனோடு கழித்த மாலைகளைச் சொல்லி அழுகிறார். அரசனை இழந்த புலவர் எப்படி அழ வேண்டும் என்பதற்கு மரபு இருந்தது. ஔவை அழுதது நண்பனை இழந்தவராக.

எழுதிவைக்கும் முன் இந்தப் பாட்டு வாயில் வாழ்ந்தது. அதியமான் காலத்திலேயே தமிழுக்கு எழுத்து இருந்தது உறுதி. திருக்கோவலூருக்கு அருகே ஜம்பை என்ற ஊரில் 1981இல் கண்டுபிடிக்கப்பட்ட தமிழ்பிராமிக் கல்வெட்டு, அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த பாழி (உறைவிடம்) என்று அவன் பெயரையே சொல்கிறது. ஆனால் ஒரு கையறுநிலைப் பாட்டை ஊர்தோறும் எடுத்துப்போனது பாணரும் விறலியரும்தான். பல தலைமுறைகள் கழித்து யாரோ ஒருவர் இப்படிச் சிதறிக் கிடந்தவற்றுள் நானூறைத் தேர்ந்து தொகுத்தார். அவர் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. பாட்டுக்குத் திணை, துறை வகுத்தார்கள். பாடியவர் பெயரையும் பாடப்பட்டவர் பெயரையும் கீழே குறித்தார்கள். இந்தச் சின்னக் குறிப்பு செய்த உதவி பெரிது. அது இல்லாவிட்டால் 232ஆம் பாட்டைப் பாடியது ஒரு பெண் என்று சொல்ல பாட்டுக்குள் சான்று கிடையாது. ஔவை என்ற பெயர் உதிர்ந்திருந்தால், பெயர் தெரியாத ஆண் புலவர் ஒருவரின் கணக்கில்தான் அது சேர்ந்திருக்கும்.

பெயர் தங்கியது ஔவைக்கு மட்டும் இல்லை. வெண்ணிப் போர் நடந்த ஊரிலேயே வாழ்ந்த குயத்தியார், வென்ற கரிகாலனிடமே, முதுகில் புண்பட்ட நாணத்தால் வடக்கிருந்து உயிர்விட்ட சேரன் உன்னைவிட நல்லவன் அல்லவா என்று கேட்டார் (66). பறம்பு வீழ்ந்த பிறகு பாரியின் மகளிர், ஒரு மாதத்துக்கு முந்திய நிலவையும் அன்றைய நிலவையும் பக்கத்தில் வைத்துத் தந்தையையும் மலையையும் இழந்ததைச் சொன்னார்கள் (112). கணவன் பூதப்பாண்டியன் இறந்ததும் தீப்பாய நின்ற பெருங்கோப்பெண்டு, தடுக்க வந்த சான்றோரைப் பார்த்துக் கைம்மை நோன்பு எப்படிப்பட்டது என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார் (246). மட்கலம் வனைந்த பெண், அரசகுமாரிகள், அரசி என்று இத்தனை தரப்பிலிருந்தும் பெண்கள் போரைப் பற்றித் தம் பெயரிலேயே பேசியது, அந்தப் பழைய உலகில் வேறு எந்த மொழியில் இவ்வளவு கிடைக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. தனியாக ஒரு பெரிய பெயரைச் சொல்லலாம். மெசொப்பொத்தேமியாவின் ‘ஊர்’ என்ற நகரில் நான்காயிரம் ஆண்டுகளுக்கும் முன்பு வாழ்ந்த பூசகி என்ஹெடுவன்னா, கலகத்தில் தன்னைத் துரத்தியடித்ததைப் பாடியிருக்கிறார். உலகில் பெயர் தெரிந்த முதல் எழுத்தாளர் என்று பெருமை பெற்றவரும் ஒரு போர்க்காலப் பெண்தான்.

ஓலை ஏறிய பிறகு பாட்டின் வாழ்க்கை ஆபத்தானது. பதப்படுத்திய பனையோலையும் சில நூற்றாண்டுகள்தான் தாங்கும். கரையான் உண்டு, ஈரம் உண்டு, தீ உண்டு. ஏடு நொறுங்குவதற்குள் ஒருவர் உட்கார்ந்து புதிய ஓலையில் எழுத்தாணியால் கீறிப் பிரதி எடுக்க வேண்டும். ஒரு தலைமுறை அசந்தால் நூல் போய்விடும். தகடூர்ப் போரையே முழுப் பொருளாகக் கொண்ட ‘தகடூர் யாத்திரை’ என்று ஒரு நூல் இருந்தது. அதற்கு அப்படித்தான் ஆயிற்று. புறத்திரட்டு என்ற தொகுப்பிலும் உரைகளிலும் மேற்கோளாக வந்த சில பாடல்கள்தான் இன்று மிச்சம். ஔவை கண்ட போரின் முழுக்கதை ஓலையோடு மண்ணாகிவிட்டது.

புறநானூற்றுக்கும் காயம் உண்டு. பழைய உரை 266ஆம் பாட்டோடு நின்றுவிடுகிறது. அதற்கு அடுத்த 267, 268 இரண்டும் கிடைக்கவேயில்லை. இதில் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். போர்க்காலத்துச் சாதாரண வீட்டுப் பெண்களைப் பற்றிய புகழ்பெற்ற பாடல்கள், பெண்களே பாடியவை, பெரும்பாலும் உரை நின்றுபோன இடத்துக்கு அப்பால் இருக்கின்றன. களத்தில் கிடந்த பிணங்களைப் புரட்டி மகனைத் தேடும் முதிய தாயைக் காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடியது 278. தந்தையும் கணவனும் அடுத்தடுத்த நாட்களில் போரில் விழுந்தபின், இருக்கும் ஒரே மகனுக்கும் தலைவாரி வேலைக் கையில் கொடுத்து அனுப்புகிறவளை ஒக்கூர் மாசாத்தியார் பாடியது 279. மகனின் சிதைந்த உடலைக் கண்ட தாயின் வற்றிய மார்பில் பால் ஊறியதை ஔவை பாடியது 295. ஈன்று புறந்தருதல் என் கடன் என்று தாய் பேசும் பொன்முடியாரின் 312 எல்லோருக்கும் தெரியும். உரை இல்லாததால் இவற்றை அவரவர் காலத்துக்கு வேண்டியபடி படிக்க முடிந்தது. இருபதாம் நூற்றாண்டு மேடைகள் இவற்றை வீரத்தாய்களின் முழக்கமாக எடுத்துக்கொண்டன. மாசாத்தியார் தன் பாட்டில் அவளுடைய துணிவைக் கொடியது என்று சொல்லித்தான் தொடங்குகிறார். கெடுக என்று ஒரு சாபமும் சேர்ந்து வருகிறது. அதை மரபின்படி வியப்பென்று கொள்ளலாம், நடுக்கமென்றும் கொள்ளலாம். மேடையில் இந்த இரண்டாவது பொருள் ஒலித்து நான் கேட்டதேயில்லை.

ஔவைக்கும் இதேபோல் ஓர் இழப்பு நேர்ந்தது. பல நூற்றாண்டுகளுக்குப் பின் ஆத்திசூடி பாடிய இன்னொரு ஔவையோடு சேர்த்து அவரைக் கோலூன்றிய பாட்டியாக்கிவிட்டோம். 1953இல் வந்த ஜெமினியின் ‘ஔவையார்’ படத்தில் கே.பி. சுந்தராம்பாள் அந்த உருவத்தை அழியாததாக்கினார். 1968இல் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டிச் சென்னைக் கடற்கரையில் வைத்த சிலையும் மூதாட்டிதான். நெல்லிக்கனி வாங்கிய பாட்டி, நீதி சொல்லும் பாட்டி. ஆனால் 89ஆம் பாட்டில் பகையரசன் அவரை மைதீட்டிய கண்ணும் ஒளிவீசும் நெற்றியும் கொண்ட விறலி என்றுதான் விளிக்கிறான். அரசனோடு அமர்ந்து கள் குடித்த, படைக்கொட்டிலில் நின்று எதிரியை வாயால் மடக்கிய, ஈமத்தீயின் முன் நின்ற அந்தப் பெண்ணைக் குழந்தைகளுக்கு நாம் காட்டவேயில்லை.

பாட்டை அச்சுக்குக் கொண்டுவந்தவர் உ.வே. சாமிநாதையர். 1880 அக்டோபரில் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியார் கேட்ட கேள்வி அவரைப் பழைய நூல்களின் பக்கம் திருப்பிவிட்டது. சீவக சிந்தாமணி 1887இல், பத்துப்பாட்டு 1889இல், சிலப்பதிகாரம் 1892இல் வந்தன. புறநானூறு 1894. ஓலையில் மெய்க்குப் புள்ளி இராது. எகர ஏகாரம், ஒகர ஓகாரம் வேறுபாடு தெரியாது. ரகரமும் காலும் ஒன்றுபோல் இருக்கும். அடி பிரித்து எழுதும் வழக்கமும் இல்லை. ஒவ்வொரு பிரதியிலும் ஒவ்வொரு பிழை. இத்தனையையும் ஒப்பிட்டு அவர் பதிப்பித்த நாளில்தான் 232ஆம் பாட்டு மறுபடி ஊராருக்கு உரியதாயிற்று. பிறகு அது ஆங்கிலத்துக்கும் போனது. ஜார்ஜ் ஹார்ட்டும் ஹேங்க் ஹைஃபெட்ஸும் செய்த புறநானூற்று மொழிபெயர்ப்பைக் கொலம்பியா பல்கலைக்கழகப் பதிப்பகம் 1999இல் வெளியிட்டது.

இனி ஜவ்வாது மலைக்கு வருவோம். அச்சில் படித்தவர்களுக்கு நடுகல் என்பது ஏட்டுச் செய்தியாகத்தான் இருந்தது. கல்லைத் தேர்வதிலிருந்து வாழ்த்துவதுவரை ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் சொல்கிறது; சரி, அந்தக் கல் எங்கே? அது செங்கத்தில் இருந்தது. மலைபடுகடாம் அப்போதே சொல்லியிருக்கிறது. செங்கத்தை ஆண்ட நன்னனிடம் போகும் கூத்தரை ஆற்றுப்படுத்தும் அந்தப் பாட்டில், வழியெங்கும் பெயர் பொறித்த கற்கள் நிற்கும், யாழ் மீட்டி வணங்கிவிட்டுப் போங்கள் என்று அறிவுரை வருகிறது. ஜவ்வாது மலையில் தோன்றிச் செங்கத்தைத் தொட்டு ஓடும் சேயாறும் அதில் வருகிறது. அந்த வட்டாரத்துக் கற்களைத் தமிழ்நாடு தொல்லியல் துறை தேடிப் படியெடுத்தது. இரா. நாகசாமி பதிப்பித்த ‘செங்கம் நடுகற்கள்’ 1972இல் வெளிவந்தது. பெரும்பாலானவை ஆறாம் நூற்றாண்டுக்கும் பத்தாம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டவை. பல்லவ மன்னர்களான சிம்மவிஷ்ணு, மகேந்திரவர்மன் காலத்து வட்டெழுத்துக் கற்களும் அவற்றில் உண்டு. இவை ஔவைக்குப் பிந்தியவை. ஆனால் வழக்கம் இன்னும் பழையது என்பதற்குத் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்டெடுத்த தமிழ்பிராமி நடுகற்கள் சான்றாகிவிட்டன.

கற்களில் உள்ள செய்தி அநேகமாக ஒன்றுதான். ஆநிரை கவர வந்தார்கள். தொறுவை மீட்கப் போனவன் பட்டான். அரசனின் ஆட்சியாண்டு, தலைவன் பெயர், செத்தவன் பெயர். வீரன் வில்லும் வாளும் ஏந்தி நிற்பான். பல கற்களில் அவன் காலடியில் ஒரு சிமிழோ கெண்டியோ செதுக்கியிருக்கும். முதன்முதல் அதைப் பார்க்கிறவர் 232ஆம் பாட்டைப் படித்தவராக இருந்தால் அந்த இடத்திலேயே நின்றுவிடுவார். ஔவை போதாது என்று சொன்ன அந்தச் சிறு கலம், கல்லில் ஏறி நிற்கிறது. இறந்தவனுக்கு ஊற்றுவது தொடரட்டும் என்று ஊர் அதைக் கல்லிலேயே எழுதிவைத்துவிட்டது.

திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் உள்ள கல் புகழ்பெற்றது. மகேந்திரவர்மனின் முப்பத்து நான்காம் ஆட்சியாண்டு. எருமைகளைக் காக்கும்போது கருந்தேவகத்தி என்பவன் இறந்தான். அவனுடைய நாய் கோவிவன் கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது. வீரனுக்குப் பக்கத்தில் நாயையும் செதுக்கி, அதன் பெயரையும் பொறித்திருக்கிறார்கள். நன்றியுள்ள ஊர். அந்த நாயின் பெயர் 1,400 ஆண்டு தாண்டி நமக்குத் தெரிகிறது. கருந்தேவகத்தியின் தாய் யார், மனைவி இருந்தாளா, அவன் செத்த பிறகு அந்த வீட்டில் என்ன நடந்தது என்று கல் ஒரு சொல்லும் சொல்லவில்லை. குறை சொல்ல இதை எழுதவில்லை. கல்லின் வேலை அது இல்லை. பட்டவனின் பெயரும் பட்ட விதமும் மட்டுமே அதில் இடம்பெறும். மிச்சம் யாவும், வீட்டில் நடந்ததும் விட்டுப்போனவர் மனத்தில் நடந்ததும், பெண்கள் பாடிய ஓலையில்தான் கிடைக்கின்றன. கல்லையும் ஓலையையும் சேர்த்துப் படித்தால்தான் அந்தக் காலத்துப் போர் முழுதாகத் தெரியும். தொல்லியல் மாணவர் கல்லைப் படிக்கிறார், இலக்கிய மாணவர் பாட்டைப் படிக்கிறார். இரண்டும் ஒரே மலையடிவாரத்தில் சந்திக்கின்றன என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. அது எனக்கு வருத்தம்.

கற்கள் இன்னும் கிடைத்துக்கொண்டிருக்கின்றன. மலையின் திருப்பத்தூர்ப் பக்கம், புதூர்நாடு வட்டாரத்தில், கல்லூரி ஆய்வாளர்கள் அண்மை ஆண்டுகளிலும் நடுகற்களைக் கண்டெடுத்திருக்கிறார்கள். அடிவாரத்து ஊர்களில் பல கற்களுக்கு வேடியப்பன் என்று பெயர். மஞ்சள் பூசி, பொங்கல் வைத்துக் கும்பிடுகிறார்கள். வீரனின் சொந்தப் பெயர் மறைந்து அவன் குலசாமியாகிவிட்டான். கல் காப்பாற்றப்பட்டது ஆய்வாளர்களால் அல்ல, இந்த வழிபாட்டால்தான். அதற்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

பாட்டின் பயணம் இதோடு முடியவில்லை. ஜம்பைக் கல்வெட்டு கிடைத்த அதே 1981இல், யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களோடு ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. அடுத்த சில ஆண்டுகளில் அந்த மண் முழுப்போருக்குள் போனது. 1986இல் அதே யாழ்ப்பாணத்தில் பெண்கள் ஆய்வு வட்டம் ஒரு சிறிய தொகுப்பை வெளியிட்டது: ‘சொல்லாத சேதிகள்’. பதிப்பித்தவர் சித்ரலேகா மௌனகுரு. ஈழத்துப் பெண் கவிஞர்களின் முதல் தொகுப்பு அது. அந்தத் தலைமுறைக் கவிஞர்களில் ஒருவர் பெயர் ஔவை. கவிஞர் மஹாகவியின் மகள். போருக்குப் போய்ப் பல ஆண்டுகள் கழித்து வீடு வந்த மகனைத் தாயின் இடத்திலிருந்து பார்த்த ‘வீடு திரும்பிய என் மகன்’ அவர் எழுதியது. பழைய ஔவையின் 100ஆம் பாட்டில் பிள்ளையைப் பார்க்கும் தந்தையின் சிவந்த கண் இருந்தது. இந்த ஔவை பிள்ளையின் கண்ணைப் பார்த்து எழுதினார். இருபது நூற்றாண்டுகள் வீரத்தாய்க்கு மேடை போட்டுக் கொடுத்த ஒரு மொழியில், தாயே பேசினால் எப்படி இருக்கும் என்பதற்கு அந்தக் கவிதை நல்ல சான்று. தமிழில் போரைப் படிக்க வேண்டியவர்கள் அதிலிருந்து தொடங்கலாம்.

அந்தத் தொகுப்பில் இருந்த இருவருக்கு நேர்ந்ததையும் சொல்லியாக வேண்டும். சிவரமணி 1991 மே மாதம் தன் கவிதைகளைத் தீயிலிட்டுவிட்டு உயிரை மாய்த்துக்கொண்டார். பிறர் கையில் தங்கியிருந்தவற்றைச் சேர்த்துத்தான் 1993இல் ‘சிவரமணி கவிதைகள்’ வந்தது. செல்வியை அதே 1991இல் விடுதலைப் புலிகள் பிடித்துச் சென்றார்கள், அவர் திரும்பவில்லை. எழுத்துச் சுதந்திரத்துக்கான பென் விருது 1992இல் அவருக்கு அறிவிக்கப்பட்டபோது வாங்கிக்கொள்ள அவர் இல்லை. போரின் மறுமுனையில் நின்ற தமிழினி, புலிகளின் மகளிர் அரசியல் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர், சிறையும் புனர்வாழ்வு முகாமும் கண்டபின் தன் நினைவுகளை எழுதினார். 2015 அக்டோபரில் புற்றுநோயால் இறந்தார். ‘ஒரு கூர்வாளின் நிழலில்’ அடுத்த ஆண்டு காலச்சுவடு வெளியீடாக வந்தபோது அதைக் கையில் வாங்கவும் அவர் இல்லை. ஓலைக் காலத்துக்கு அடுத்த நிலை இதுதான். கரையானுக்குப் பதில் துப்பாக்கியும் அச்சமும் நோயும் வந்தன. நூல் தப்புவது முன்போலவே யாரோ ஒருவர் பிரதி எடுத்து வைத்திருப்பதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

பெண்கள் சொல்லும் போர் வேறாக இருக்கும் என்பதற்கு உலகமும் ஒப்புதல் கொடுத்துவிட்டது. இரண்டாம் உலகப்போரில் சண்டையிட்ட சோவியத் பெண்கள் நூற்றுக்கணக்கானவரிடம் கேட்டு எழுதிய ஸ்வெட்லானா அலெக்சியேவிச்சுக்கு 2015இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த ஒப்புதலுக்காகத் தமிழ் காத்திருந்திருக்க வேண்டியதில்லை. வெண்ணிக் குயத்தியார் நமக்கு எப்போதும் இருந்தார்.

திருவண்ணாமலை, வேலூர் மாவட்டங்களில், ஜவ்வாது மலையைச் சுற்றிய நிலத்திலேயே, இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இருக்கின்றன. போரில் ஊரையும் உறவையும் விட்டுவந்த பெண்கள் அங்கே நாற்பது ஆண்டுகளாக வாழ்கிறார்கள். கடல் கடந்து வந்த இரவை, காணாமல்போன தம்பியை, முகாமில் பிறந்த பிள்ளையைப் பற்றிப் பள்ளி நோட்டில் எழுதிவைத்தவர்கள் அவர்களுக்குள் இருப்பார்கள். எழுதாமல் சொல்ல மட்டும் தெரிந்தவர்கள் இன்னும் அதிகம் இருப்பார்கள். அவர்களில் மூத்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். ஈழத்து ஆவணங்களை மின்வடிவில் சேர்க்க ‘நூலகம்’ நிறுவனம் 2005 முதல் உழைக்கிறது. அதுபோல, இந்த மாவட்டங்களின் கல்லூரித் தமிழ்த்துறைகள் தங்கள் மாணவிகளை இந்த முகாம்களுக்கு அனுப்ப வேண்டும். உட்கார்ந்து கேட்கட்டும், சொல்பவர் சம்மதித்தால் எழுதிக்கொள்ளட்டும், பெயரைப் போடச் சொன்னால் பெயரையும் மறக்காமல் கீழே போடட்டும். உங்கள் வீட்டில் அப்படி ஒரு நோட்டு கிடந்தால் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். இன்றே ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.